ஜான் சீனா ஏன் தட்டினார்? நீலகிரி ரெஸ்லிங் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் டபிள்யூ.டபிள்யூ.இ. வீரர் ஜான் சீனாவின் கடைசி மேட்ச் பற்றித்தான். குன்தரின் கழுத்துப் பிடியில் தட்டி, அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு, அவர் விடைபெற்ற மேட்ச். ஒரே மாதிரி கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எந்த மேட்ச், எந்த வருஷம் என்று எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன், ஒன்றைத் தவிர.

கோத்தகிரி, எல்லநள்ளி, அரவங்காடு வாசகர்கள்: அண்ணா, அத்தனை தடவை சாம்பியன் ஆன மனுஷன். வெறும் கழுத்துப் பிடிக்குத் தட்டித் தோற்கலாமா? மனசே ஆறவில்லை.

‘வெறும் கழுத்துப் பிடி’ என்று எழுதுகிறவர்கள் 2025 முழுக்க குன்தர் என்ன செய்தார் என்று கவனிக்கவில்லை. ஏப்ரலில், வருஷத்தின் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில், ஜே உசோ ஸ்லீப்பர் என்ற அதே கழுத்துப் பிடியைப் போட்டு குன்தரையே தட்ட வைத்து பெல்ட்டைப் பறித்தார். ஜூனில் குன்தர் பெல்ட்டைத் திரும்ப வாங்கினார். ஜூலையில் அட்லாண்டாவில் கோல்ட்பர்க்கின் கடைசி மேட்ச்சும் அந்தப் பிடியில்தான் முடிந்தது. ஆக, டிசம்பர் 13 அன்று வாஷிங்டனில் குன்தரின் கை சீனாவின் கழுத்தைச் சுற்றியபோது அது அந்த வருஷத்திலேயே ஆபத்தான பிடி.

சீனா சும்மா தட்டவும் இல்லை. பிடியை உடைத்து வெளியே வருகிறார், மறுபடி மாட்டுகிறார், மறுபடி வருகிறார். கடைசித் தடவை அவர் முகத்தை மட்டும் பாருங்கள். உடம்பு தளர்கிறது, ஒரு சிரிப்பு வருகிறது, அப்புறம்தான் தட்டுகிறார். ‘ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே’ என்று சட்டையில் போட்டுக்கொண்டு திரிந்தவர், இருபது வருஷத்துக்கு மேல் தட்டாதவர், இனி போதும் என்று தானே முடிவு செய்த இடம் அது. 2008இல் ரிக் ஃபிளேர் ஷான் மைக்கேல்ஸிடம் தோற்றுவிட்டுப் போனார். 2010இல் அதே மைக்கேல்ஸ் அண்டர்டேக்கரிடம் தோற்றுவிட்டுப் போனார். போகிறவர் இருக்கிறவரை ஏற்றிவிட்டுப் போவது இந்தத் தொழிலின் பழைய மரபு. அரங்கத்தில் கூச்சல் போட்டவர்களின் வருத்தம் எனக்கும் புரிகிறது. ஆனால் முடிவு சரியான முடிவு.

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து இருவர்: சீனா 16 தடவை சாம்பியன் என்கிறான் நண்பன், 17 என்கிறேன் நான். ஒரு டீயும் வர்க்கியும் பந்தயம்.

17. நண்பரை வர்க்கி வாங்கச் சொல்லுங்கள்.

மஞ்சூர் வாசகர்: அண்டர்டேக்கர் – கேன் லேட்டஸ்ட் மேட்ச்சில் யார் ஜெயித்தது?

இந்த ஒரு கடிதத்தை மட்டும் ஒதுக்காமல் வைத்திருந்தேன், மாதா மாதம் யாராவது ஒருவர் இதையே எழுதுவதால். அண்டர்டேக்கரின் கடைசி மேட்ச் 2020இல், ஏ.ஜே. ஸ்டைல்ஸுடன், இடுகாட்டில் படமாக்கியது. 2022இல் அவருக்கு ஹால் ஆஃப் ஃபேம் மரியாதையும் செய்துவிட்டார்கள். கேன் 2018இல் அமெரிக்காவில் ஒரு கவுன்டிக்கு மேயரானார். உங்களுக்கு வந்த வீடியோ பழசு, மேலே ‘லேட்டஸ்ட்’ என்று யாரோ எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தேதி பார்க்காமல் வீடியோ பார்க்காதீர்கள்.

கூடலூர் வாசகர்: ரெஸில்மேனியா 41 கடைசி மேட்ச்சை கிளிப்பில் பார்த்தேன். பாடகர் டிராவிஸ் ஸ்காட் வந்ததும் செம மாஸ். அதைப் போய் ஏன் திட்டுகிறீர்கள்? அதற்கு முந்தின வருஷம் எல்லோரும்தான் ரிங்குக்குள் வந்தார்கள்.

கிளிப்பில் பார்த்தேன் என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். நாற்பது நொடியில் எல்லாம் மாஸாகத்தான் இருக்கும். முழு மேட்ச்சையும் பாருங்கள், அதற்கு முந்தின ஒன்றரை மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

2025 மார்ச் 1, டொரொன்டோ. சாம்பியன் கோடி ரோட்ஸைக் கட்டிப்பிடித்த சீனா அப்படியே அவரை அடித்து வீழ்த்துகிறார். இருபது வருஷத்துக்கு மேல் நல்லவராகவே நின்றவர் ஒரே ராத்திரியில் ஹீல், அதாவது வில்லன். அதற்குக் காரணகர்த்தாவாக நின்றவர் முன்னாள் சாம்பியன் ராக். கூடவே ஸ்காட். நானும் உங்களைப் போல, ஏப்ரலில் லாஸ் வேகாஸில் ராக் வந்து கணக்கு முடிப்பார் என்று காத்திருந்தேன். ராக் வரவே இல்லை. ஏன் வரவில்லை என்று கதைக்குள் ஒரு வார்த்தையும் இல்லை. இருபது நிமிடத்துக்கு மேல் கட்டிய மேட்ச்சின் உச்சத்தில், பெரிய நுழைவு இசையோடு ஒரு பாடகர் நடந்து வருகிறார். கோடி அவருக்கும் தன் முடிப்பு அடியான கிராஸ் ரோட்ஸைப் போடுகிறார். அந்தச் சந்தில் சீனா இடுப்புக்குக் கீழே ஓர் அடி, பெல்ட்டால் தலையில் ஓர் அடி, ஒன்று, இரண்டு, மூன்று. ஃபிளேரின் 16ஐத் தாண்டும் 17ஆவது பட்டம்! இத்தனை வருஷம் காத்திருந்த சாதனை, பந்தி நடுவில் இலையை எடுத்த மாதிரி முடிந்துபோனது. சீனா கெட்டவராக ஜெயித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. தன் கெட்டத்தனத்தாலேயே ஜெயித்திருக்க வேண்டும் என்கிறேன்.

வெளியாள் வருவதே தப்பு என்று நான் எப்போதும் சொன்னதில்லை. வருகிறவருக்கு அந்த மேட்ச்சில் ஒரு கணக்கு இருக்க வேண்டும். 2024இல் பிலடெல்பியாவில் கோடியும் ரோமன் ரெய்ன்ஸும் மோதியபோது சோலோ வந்தார், ஜிம்மி வந்தார், ஜே வந்தார், சீனா வந்தார், ராக் வந்தார், அண்டர்டேக்கரே வந்தார். அது ‘பிளட்லைன் ரூல்ஸ்’ மேட்ச். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பது முதலிலேயே சொன்ன விதி, வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பழைய பாக்கி இருந்தது. அதில் ஓர் இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். செத் ரோலின்ஸ், தானும் ரெய்ன்ஸும் ஒன்றாக இருந்த பழைய ஷீல்டு அணியின் உடையில் வந்து விழுந்து கிடக்கிறார். ரெய்ன்ஸ் கையில் நாற்காலி. ஒரு பக்கம் கோடி, இன்னொரு பக்கம் செத். பெல்ட்டைக் காப்பாற்ற கோடியை அடிக்க வேண்டும். ரெய்ன்ஸ் திரும்பி செத்தின் முதுகில் அடிக்கிறார். 2014இல் ஷீல்டை உடைக்க செத் அடித்த அதே நாற்காலி அடி! பத்து வருஷக் கோபத்துக்காக ஒரு கணத்தைச் செலவழித்து, அந்தக் கணத்தில் சுமார் 1300 நாள் பட்டத்தை இழக்கிறார். இதற்குத்தான் வெளியாள் வர வேண்டும்.

2025 ஜூலையில் அட்லாண்டாவில் இயோ ஸ்கையும் ரியா ரிப்ளியும் மோதிக்கொண்டிருந்தபோது நயோமி, எப்போது வேண்டுமானாலும் பட்டத்துக்கு மோதும் உரிமை தரும் மணி இன் தி பேங்க் பெட்டியோடு ஓடிவந்து பெல்ட்டைத் தட்டிப்போனார். அருமையான மேட்ச் பாதியில் நின்றது, எனக்கு வலித்தது. ஆனாலும் பெட்டி அவர் ஜெயித்தது, அந்த உரிமை அவருக்கு உண்டு. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 3, சம்மர்ஸ்லாமில் அதே சீனாவும் கோடியும் மறுபடி மோதினார்கள். ஸ்ட்ரீட் ஃபைட், அரை மணி நேரத்துக்கு மேல். யார் வந்தாலும் தடை இல்லாத மேட்ச்சில் ஒருவரும் வரவில்லை. இரண்டு பேரே ஆடி, இரண்டு பேரே முடித்தார்கள், கோடி ஜெயித்தார். பிராக் லெஸ்னர் வந்ததுகூட எல்லாம் முடிந்த பிறகுதான். அந்த மேட்ச்சை ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டியிருக்காது. தயவுசெய்து இரண்டையும் முழுசாக, அடுத்தடுத்துப் பாருங்கள். பிறகும் ஸ்காட்தான் மாஸ் என்றால் மறுபடி எழுதுங்கள், பதில் போடுகிறேன்.

ஊட்டியிலிருந்து கல்லூரி மாணவி: 2025இல் உங்களுக்குப் பிடித்த மேட்ச் எது? பெண்கள் மேட்ச் பற்றி நீங்கள் எழுதுவதே குறைவு, அண்ணா.

குறைவுதான், சரியாகப் பிடித்தீர்கள். ரெஸில்மேனியா 41இன் இரண்டு நாளிலும் எனக்குப் பிடித்தது இயோ ஸ்கை, ரியா ரிப்ளி, பியாங்கா பெலேர் மும்முனை மேட்ச்தான். மூன்று பேர் மேட்ச்சில் வழக்கமாக ஒருவர் வெளியே படுத்துக்கொள்வார், இரண்டு பேர் ஆடுவார்கள். இதில் மூவரும் விடாமல் ஆடினார்கள். முடிவைப் பாருங்கள்: ரிப்ளி பெலேரைத் தூக்கிப் போடுகிறார், அதே மூச்சில் மேலிருந்து இயோவின் மூன்சால்ட் பல்டி இருவர் மேலும் விழுகிறது.

ஆண்களில், அக்டோபரில் பெர்த்தில் நடந்த சீனா – ஸ்டைல்ஸ். தங்கள் அடிகளோடு, கூட ஆடியவர்களின் அடிகளையும் கடன் வாங்கி ஆடினார்கள். சீனா அண்டர்டேக்கரின் டூம்ஸ்டோன் போட்டார், பிரே வயட்டின் சிஸ்டர் அபிகேலும் போட்டார். பிரே வயட் 2023இல் 36 வயதிலேயே போனவர் என்று தெரிந்தவர்களுக்கு அந்த ஓர் அடி போதும்.

கேத்தி வாசகர்: செத் ரோலின்ஸ் தோள் காயம் நிஜமா? முட்டிக் காயம் என்று ஒருமுறை ஏமாற்றினாரே.

முட்டி நாடகம். ஊன்றுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு சி.எம். பங்க்கின் பெல்ட்டைப் பறித்தார். தோள் நிஜம், அதனால்தான் பெல்ட்டையே விட வேண்டி வந்தது.

பந்தலூர் வாசகர்: லைவ் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

அமெரிக்கக் கிழக்குக் கரை நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டுங்கள். நவம்பர் தொடக்கத்திலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை பத்தரை. அங்கே சனிக்கிழமை ராத்திரி ஏழு என்றால் நமக்கு ஞாயிறு அதிகாலை நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. 2025 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் எல்லாம் நெட்ஃபிளிக்ஸில்தான், சோனி சேனலில் தேடாதீர்கள். மழை நாளில் நம் மலையில் சிக்னலை நம்ப முடியாது. கிடைக்காவிட்டால் போனை மூடிவைத்துவிட்டு முடிவு தெரியாமல் சாயங்காலம் முழுசாகப் பாருங்கள்.

அரவங்காட்டிலிருந்து ஒரு தாயார்: என் மகனும் அவன் நண்பர்களும் மைதானத்தில் டூம்ஸ்டோன் (தலைகீழாகப் பிடித்துத் தலையைத் தரையில் இறக்கும் அடி) போட்டு விளையாடுகிறார்கள். புல் மேல்தானே, பரவாயில்லையா?

பரவாயில்லை இல்லை, அம்மா. இன்றைக்கே நிறுத்துங்கள். புல், மெத்தை, கொழுந்துச் சாக்கு எதுவும் கழுத்தைக் காப்பாற்றாது. 1997 சம்மர்ஸ்லாமில் ஓவன் ஹார்ட் போட்ட அதே வகை பைல்டிரைவரில் ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டு, கொஞ்ச நேரம் கைகால் அசையவில்லை. 1999இல் டிரோஸ் என்ற வீரர் ஒரு பவர்பாம் தவறி விழுந்ததில் வாழ்நாள் முழுக்க சக்கர நாற்காலிதான். 2022இல் பிக் ஈ ரிங்குக்கு வெளியே தலைகுத்தி விழுந்து கழுத்து உடைந்தது. இவர்கள் எல்லாரும் தினமும் பயிற்சி எடுத்தவர்கள், தூக்கியவர்களும் பயிற்சி எடுத்தவர்கள். மகனை இந்த மூன்று பெயர்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

கோத்தகிரி வாசகர்: டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போட்டி நிறுவனமான ஏ.இ.டபிள்யூ.வில் ஹேங்மேன் பேஜ் – மாக்ஸ்லி மேட்ச் பார்க்கலாமா? வீட்டில் எட்டு வயதுப் பையன் இருக்கிறான்.

நீங்கள் பாருங்கள், பையன் தூங்கிய பிறகு. 2025 ஜூலையில் டெக்சஸில் நடந்தது, முள்கம்பியும் ஆணியும் ரத்தமுமாக இருக்கும். அதிலும் வெளியாட்கள் வந்தார்கள், ஆனால் வந்தவர்களுக்கு அந்த மேட்ச்சில் ஒரு கணக்கு இருந்தது. முக்கியமாக, ஹேங்மேனுக்குச் சங்கிலி கொடுத்தது அவருடைய பரம வைரியான ஸ்வெர்வ். கூடலூர்க்காரரும் இதைப் பார்க்க வேண்டும்.

சோலூர் வாசகர்: தாத்தா தாரா சிங் – கிங்காங் மேட்ச் பார்த்தவர். அதுதான் நிஜம், இப்போது எல்லாம் பேசிவைத்த நாடகம் என்கிறார்.

தாத்தாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே தொழில். தாரா சிங் 1968இல் பம்பாயில் லூ தெஸ்ஸை ஜெயித்ததும் இதே தொழில்தான். யார் ஜெயிப்பது என்பது பேசிவைத்தது. விழுவது பேசிவைத்ததல்ல. ரிங் என்பது இரும்புச் சட்டம், மேலே பலகை, அதன் மேல் மெல்லிய ஒரு மெத்தை, கான்வாஸ், அவ்வளவுதான். டபிள்யூ.டபிள்யூ.இ.யில் ரோப் என்பதும் டேப் சுற்றிய நிஜக் கயிறு, வேறு சில இடங்களில் குழாய்க்குள் இரும்புக் கம்பி. குன்தர் மார்பில் அறையும்போது தோல் சிவப்பதை கேமரா அருகில் காட்டும், தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். கிங்காங் பற்றி அவர் சொல்வதை எல்லாம் எழுதி எனக்கு அனுப்புங்கள், அதைப் படிக்க ஆசை.

குன்னூர் வாசகர்: டபிள்யூ.டபிள்யூ.இ. கோவைக்கு வருமா?

2023 செப்டம்பரில் ஹைதராபாத் வந்தார்கள், சீனாவும் செத்தும் ஒரே பக்கம் நின்று ஆடினார்கள். கோவை பற்றி அறிவிப்பு எதுவும் இல்லை. டிக்கெட் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.