கடையில் உறுமிய பெடல் வீட்டில் ஏன் இரைகிறது? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கிட்டார் டிஸ்டார்ஷன் பெடல் பற்றித்தான், அதாவது எலெக்ட்ரிக் கிட்டாரின் ஒலியைக் கரகரப்பாக மாற்ற, கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் (ஒலிபெருக்கி) நடுவில் மாட்டிக் காலால் மிதிக்கும் சின்னப் பெட்டி. சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மெட்டல் இசை வாசிக்க ஆசைப்பட்டு பாஸ் (Boss) கம்பெனியின் எம்.டி-2 மெட்டல் ஸோன் பெடல் வாங்கினேன். கடையில் உறுமியது. வீட்டில் என் 10 வாட் ஆம்ப்பில் போட்டால் தகர டப்பாவுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைகிறது. பெடல் பழுதா? – கல்லூரி மாணவர், கோவை

பதில்: பழுது இல்லை தம்பி. கடையில் எந்த ஆம்ப்பில் மாட்டிக் காட்டினார்கள்? 12 அங்குல ஸ்பீக்கர் வைத்த பெரிய ஆம்ப்பாகத்தான் இருக்கும். நான் வாங்கிய முதல் டிஸ்டார்ஷன் பெடலிலும் இதேதான் நடந்தது. 100 வாட் ஆம்ப்பில் ஒரு பவர் கார்டு (இரண்டு மூன்று தந்தியைச் சேர்த்து அடிக்கும் ஸ்வரக்கூட்டு) அடித்ததும் நெஞ்சு அதிர்ந்தது, அங்கேயே பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தது 6 அங்குல ஸ்பீக்கர். ஒரு மாதம் பெடலைத் திட்டித் தீர்த்துவிட்டு பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். "உங்களிடம் என்ன ஆம்ப் இருக்கிறது?" என்று விற்றவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தப் பணம் தப்பியிருக்கும். செருப்புக் கடையில்கூடக் கால் அளவு கேட்காமல் பெட்டியை எடுப்பதில்லை, இசைக்கருவிக் கடையில் மட்டும் இதைக் கேட்பதே இல்லை, இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. டிஸ்டார்ஷன் என்பது சிக்னலை ஏற்றி ஏற்றி அதன் உச்சியை வெட்டுவது. வெட்டும்போது மேல் அலைவரிசைகள் ஏகப்பட்டது புதிதாகப் பிறக்கும், அதில் எது காதுக்கு வரும் எது வராது என்பது ஆம்ப்பையும் ஸ்பீக்கரையும் பொறுத்தது. அதனால் பெடல் வாங்கப் போகும்போது சொந்த கிட்டாரையும், தூக்க முடிந்தால் சொந்த ஆம்ப்பையும் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் கடையில் இருப்பதிலேயே சின்ன ஆம்ப்பில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, உங்கள் பெடலை விற்றுவிடாதீர்கள். 1991-இலிருந்து வருகிற பெடல் அது. மேலே நாலு குமிழ்தான் தெரியும், ஆனால் நடுவில் இருக்கும் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைக் குமிழ்கள், ஆக மொத்தம் ஆறு. ஹை (கீச்சு ஒலி), லோ (அடி ஒலி) குமிழ் இரண்டும் 20 டெசிபெல் வரை ஏறும், இறங்கும். நகக்கண் அளவு திருப்பினாலே ஒலி மாறிவிடும். டிஸ்ட் (கரகரப்பின் அளவு) குமிழைக் கடிகாரத்தின் 10 மணிக்கும், ஹையை 9 மணிக்கும் வையுங்கள். மிட்டை (நடு ஒலி) நடுவுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, எந்த நடு ஒலி என்று தேர்ந்தெடுக்கும் மிட் ஃப்ரீக்வென்ஸியை மெதுவாகத் திருப்பி நல்ல இடத்தைப் பிடியுங்கள். மிட்டை அடியோடு இறக்கினால் தனியாக வாசிக்கும்போது பிரமாதமாக இருக்கும், டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் கிட்டார் காணாமல் போய்விடும். ஆம்ப்பை, அது தானாகக் கரகரப்பு சேர்க்காத க்ளீன் சேனலில் வையுங்கள். பின்னால் எஃப்.எக்ஸ் ரிட்டர்ன் (ஆம்ப்பின் முன்பகுதியைத் தாண்டி நேராக உள்ளே போகும் துளை) இருந்தால் பெடலை நேராக அதில் செருகிப் பாருங்கள், வேறு பெடலோ என்று நினைப்பீர்கள்.

கேள்வி: ஆம்ப் இல்லை. பெடலை நேராக மேடை ஒலி மிக்ஸரில் கொடுக்கிறோம். காது கிழிகிறது. – மதுரை

பதில்: கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று அடங்கிவிடும், மேடை ஸ்பீக்கர் அடங்காது. நடுவில் கேபினெட் சிமுலேட்டர் வேண்டும், கிட்டார் ஸ்பீக்கர் மாதிரியே ஒலியை வடிகட்டித் தரும் கருவி அது. அடுத்த பணத்தை இன்னொரு டிஸ்டார்ஷனில் போடாதீர்கள்.

கேள்வி: கீபோர்டின் 12 வோல்ட் அடாப்டரைப் போட்டேன். ஒரு கருகல் வாசனை, பெடல் செத்துவிட்டது. வாரண்டி கிடைக்குமா? – சேலம்

பதில்: கிடைக்காது. 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ் என்று பெடலிலேயே போட்டிருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பொருளில் ஒரு வரியைப் படிக்க முடியவில்லை என்றால் நான் என்ன சொல்ல?

கேள்வி: பழைய பாஸ் எச்.எம்-2 டிஸ்டார்ஷன் பெடல் ஒன்று விலைக்கு வருகிறது. 2005-இல் தயாரானது என்கிறார் விற்பவர். வாங்கலாமா? – சென்னை

பதில்: வேண்டாம். எச்.எம்-2 தயாரிப்பு 1991-இலேயே நின்றுவிட்டது. ஸ்டாக்ஹோம் டெத் மெட்டல் குழுக்கள் எல்லாக் குமிழையும் முழுக்கத் திருப்பி எடுத்த அந்த ரம்ப ஒலிதான் வேண்டுமென்றால், அதே பெடலின் புது வடிவமாக 2020-இல் வந்த எச்.எம்-2டபிள்யூ இருக்கிறது. அதைப் பில்லோடு வாங்குங்கள்.

கேள்வி: மகனுக்குப் பிறந்தநாளுக்கு ஒரு பெடல் வாங்கினேன். பத்தாம் நாளே ஸ்விட்சை மிதித்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறது. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்கிறார்கள். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுதான் தந்தார்கள். – திருச்சி

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை அம்மா. குறையுள்ள பொருளை, பில்லில் கெடு எதுவும் இல்லாதபோது 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே. சுவரில் எழுதி வைத்திருப்பது சட்டத்துக்கு மேல் போகாது. இன்றே எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணமே கிடையாது. துண்டுச் சீட்டும், போனிலோ கார்டிலோ பணம் கட்டியிருந்தால் அந்தப் பதிவும் சாட்சி. மகனை ஸ்விட்சை மிதிக்கச் சொல்லி, ஒலி விட்டுப்போவதை வீடியோ எடுத்து வையுங்கள். இது முடியும்வரை பெடலைப் பிரித்துப் பார்க்க யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.