கல்வெட்டு படிக்க விரும்பும் மகளின் தாய்க்கு ஒரு கடிதம்

அம்மா, வணக்கம். சென்ற வாரம் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். கணிதத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிய பெண், கணினிப் பொறியியல் வேண்டாம், பழங்கால வரலாறும் கல்வெட்டும்தான் படிப்பேன் என்கிறாளே என்று கண்கலங்கினீர்கள். "கல்லப் படிச்சா சோறு வருமான்னு இவ பெரியப்பா கேக்கறாரு சார்" என்றீர்கள். எல்லாம் நல்லபடியாக அமையும் என்று அன்று உங்களுக்குத் தைரியம் சொல்லி அனுப்பினேன். ஆனால், நிர்வாக ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் வாங்க நிலத்தை அடமானம் வைக்கப் பேச்சு நடக்கிறது என்று புறப்படும் நேரத்தில் சொன்னீர்களே, அதைக் கேட்ட பிறகும் வெறும் ஆறுதலோடு நிறுத்திக்கொள்வது தவறு என்று பட்டதால் இதை எழுதுகிறேன்.

அந்த அடமானம் வேண்டாம். பொறியியல் படித்த பெரியப்பாவின் மகன் நல்ல வேலையில் இருப்பது மகிழ்ச்சியே. ஆனால் அவர் அந்தப் படிப்பை விரும்பிச் சேர்ந்தார் என்று நீங்களே சொன்னீர்கள். மனமில்லாத பெண்ணைக் கடன் வாங்கிச் சேர்த்து, இரண்டாம் ஆண்டில் அவள் பாடங்களில் தேங்கி நின்றால், படிப்பு நிற்கும், வட்டி நிற்காது. அந்த வட்டியைக் கட்டப்போவது நீங்களும் உங்கள் கணவரும்தான், அறிவுரை சொல்லும் உறவினர்கள் அல்லர்.

அவளுடைய நோட்டை நீங்கள் முழுதாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒன்பதாம் வகுப்பில் பள்ளியிலிருந்து உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போனபோது சுவரில் கண்ட எழுத்துகளைப் பென்சிலால் பார்த்து எழுதியிருக்கிறாள். சோழர் காலக் கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது; எகரமா ஏகாரமா என்பதை இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்; காலும் (நெடிலைக் காட்டும் ‘ா’ குறி) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு சொல்லை அவள் மூன்று விதமாகப் படித்துப் பார்த்து, இரண்டை அடித்துவிட்டு, "ர என்று கொண்டால் பொருள் வரவில்லை" என்று ஓரத்தில் குறித்திருந்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு பள்ளி மாணவி இப்படி யோசித்திருப்பதை என் அனுபவத்தில் நான் அதிகம் கண்டதில்லை.

அந்தச் சுவரில் இருப்பது சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து ஊர்ச்சபைத் தீர்மானங்கள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கக் குடவோலை எடுத்தது, ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் அமைத்தது, பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்கி வைத்தது எல்லாம் அதில் உண்டு. இன்று மேடைதோறும் இதை எடுத்துச் சொல்கிறார்கள். ஆனால் அது பிராமணர் ஊர் ஒன்றின் சபை என்பதும், நிலமும் சொந்த மனையும் இல்லாதவருக்கு அதில் இடமில்லை என்பதும் அதே சுவரில்தான் இருக்கின்றன. அவற்றைச் சொல்பவர் குறைவு. பழம்பெருமை இவ்வளவு பேசப்படும் காலத்தில், மூலத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தானே படித்துச் சொல்லக்கூடியவர் சமூகத்துக்கு வேண்டும். பழைய வரலாறு இன்றைக்கு எதற்கு என்று கேட்பவருக்கு என் பதில் இதுதான்.

வரலாறு படித்தால் ஆசிரியர் வேலை, குடிமைப் பணித் தேர்வு என்பவற்றை எல்லாரும் சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது கல்வெட்டாய்வாளர் பணி. 1886இல் சென்னை மாகாண அரசு ஹூல்ச் என்ற ஜெர்மானிய அறிஞரைக் கல்வெட்டாய்வாளராக அமர்த்திய காலம் தொட்டு இங்கே நடந்துவரும் வேலை அது. கல்லைத் தூரிகையாலும் நீராலும் சுத்தம் செய்து, ஈரத் தாளை அதன்மேல் ஒட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் தட்டி, பிறகு துணிப் பொதியால் மை ஒற்றுவார்கள். தாள் முழுவதும் கறுப்பாகி, எழுத்து மட்டும் வெள்ளையாக எழுந்து நிற்கும். இதற்கு மைப்படி என்று பெயர். இந்தியத் தொல்லியல் துறையின் மைசூர் அலுவலகத்தில் இப்படிப் பல்லாயிரம் படிகள் சேர்ந்தன. அச்சேறாதவை இன்னும் ஏராளம். திருப்பணியில் கல் இடம் மாறினாலும், சுண்ணாம்பு பூசினாலும், மணல் பீய்ச்சி எழுத்தையே தேய்த்துவிட்டாலும், படி எடுத்து வைத்திருந்தால் செய்தி பிழைக்கும்.

அவளுடைய கணிதமும் வீணாகாது. ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் நம் ஒய். சுப்பராயலுவும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஊர், ஆள், வரிப் பெயர்களைக் காலவாரியாகவும் இடவாரியாகவும் எண்ணிப் பார்த்துத்தான் நில உடைமை எப்படி மாறியது என்று காட்டினார்கள். எண்ணத் தெரிந்த மாணவிக்கு இத்துறையில் செய்ய நிறைய இருக்கிறது.

வழியையும் செலவையும் சொல்லிவிடுகிறேன். அரசு கலைக் கல்லூரியில் இளங்கலை வரலாறு சேர்க்கலாம். கட்டணம் உங்கள் கைக்கு அடங்கும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ. 1,000 கிடைக்கும். பிறகு முதுகலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு, தொல்லியல் துறை உண்டு. இடையில், தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தும் கொஞ்சம் சமஸ்கிருதமும் கற்றே ஆக வேண்டும். மன்னர் சாசனங்கள் பலவற்றில் அவை வரும். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஆய்வு உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் ரூ. 37,000 கிடைக்கும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். மத்திய, மாநிலத் தொல்லியல் துறைகளில் பணியிடங்கள் குறைவு, அறிவிப்பும் ஆண்டுதோறும் வராது. முதுகலைக்குப் பிறகு சில ஆண்டுகள் காத்திருக்க நேரலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு கடனில்லாத காத்திருப்பு. உங்கள் நிலம் உங்களிடமே இருக்கும்.

அரசுக் கல்லூரி விண்ணப்பத்தின் கடைசி நாள் தள்ளிப்போகும் என்று நம்பியிருக்க வேண்டாம். சனிக்கிழமை மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு அவளோடு வாருங்கள். இங்கேயே உட்கார்ந்து நிரப்பிவிடலாம். பெரியப்பாவும் வரட்டும். அந்த நோட்டை அவரிடம் நானே காட்டுகிறேன்.