6 வாரக் குட்டியா, வால் நுனி இல்லாத 8 மாதமா?

முதன்முதலாக பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை ஊர்வன) வாங்கப் போகிறீர்கள், இந்த இரண்டில் எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். 8 மாதமானதையே எடுங்கள். வால் நுனி இல்லை என்பதற்காக அதைத் தள்ள வேண்டாம். முதல் பியர்டட் டிராகனாக 6 வாரக் குட்டி கஷ்டம்.

குட்டிகளை ஒரே தொட்டியில் நெருக்கி வளர்த்தால் ஒன்றின் வாலையும் விரலையும் இன்னொன்று கடித்துவிடும். இங்கேயும் பெரும்பாலும் அதுதான் நடந்திருக்கும். வீட்டுப் பல்லிக்கு முளைப்பதுபோல் இதற்குத் திரும்ப முளைக்காது. ஆனால் நன்றாக ஆறிவிட்டால் அதனால் ஒரு தொல்லையும் இல்லை.

"குட்டி என்னைப் பார்த்துக் கையாட்டுகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அது பாசம் இல்லை, பெரிய உருவத்தைப் பார்த்துப் பணிந்துபோவது. அந்த வயதில் தினமும் இரண்டு மூன்று வேளை பூச்சி கொடுக்க வேண்டும். உடம்பில் நீரும் சட்டென்று வற்றிவிடும்.

பணம் கொடுப்பதற்கு முன்:

1. வால் நுனி காய்ந்து ஆறியிருக்கிறதா பாருங்கள். கருப்பு உடம்பை நோக்கி ஏறினால் அழுகல், வேண்டவே வேண்டாம்.

2. கீழ்த்தாடையை விரலால் மெதுவாகத் தொடுங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். ரப்பர் மாதிரி வளைந்தால் கால்சியமோ யுவிபி (புற ஊதா) வெளிச்சமோ போதாமல் எலும்பு கெட்டிருக்கிறது.

3. தரையில் விட்டால் மார்பைத் தூக்கி நடக்கிறதா, உங்கள் கண்ணெதிரே சாப்பிடுகிறதா?

ஒன்று மட்டும்: குடல் ஒட்டுண்ணியும் அடினோவைரஸ் என்ற தொற்றுக் கிருமியும் வெளியே தெரியாமலும் இருக்கும். முதல் வாரத்திலேயே எச்சத்தை எடுத்துக்கொண்டு, ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.