கணினிக் கேள்வி – பதில்: ஒரே லாகினுக்கு எந்தக் கருவி?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் உள்ள ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் ஐ.டி. பிரிவில் இருவர் மட்டுமே பணிபுரிகிறோம். ஊழியர்கள் எல்லா மென்பொருள்களுக்குள்ளும் ஒரே லாகினில் நுழைவதற்காகக் கீக்ளோக் என்னும் மென்பொருளை நிறுவியிருக்கிறோம். சோதனை சர்வரில் செய்த அமைப்புகளை அசல் சர்வரில் மீண்டும் கையால் செய்யும்போது ஏதேனும் ஒன்று விடுபட்டுவிடுகிறது. சர்வர் அமைப்புகளைக் கோப்பில் எழுதி நிறைவேற்றும் டெராஃபார்ம் அவசியமா, கீக்ளோக்குடன் வரும் கருவிகளே போதுமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கீக்ளோக்கின் நிர்வாகத் திரையான அட்மின் கன்சோலைப் பார்வையிட மட்டும் பயன்படுத்துங்கள், மாற்றங்கள் யாவும் கோப்பில் எழுதப்பட்டு, ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைக்கும் கிட் போன்ற பதிவேட்டின் வழியாகவே சர்வருக்குச் செல்லட்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது அப்போதுதான் தணிக்கையாளர் கேட்கும்போது கையில் இருக்கும்.

கன்சோலில் உள்ள ஏற்றுமதிப் பொத்தானை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். அது தரும் ஜேசான் கோப்பைத் திறந்து பாருங்கள்: செயலிகளின் ரகசியக் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறிகளே இருக்கும், பயனர்களும் அதில் இருக்கமாட்டார்கள். அதை வேறு சர்வருக்கு மாற்றப் பயன்படுத்தக் கூடாது என்று கீக்ளோக்கின் ஆவணமே சொல்கிறது. கட்டளை வழியாகச் செய்யும் ஏற்றுமதி முழுமையானதுதான்; ஆனால் சர்வர் தொடங்கும்போது நடக்கும் இறக்குமதி, அதே பெயரில் ரெல்ம் (பயனர்களும் செயலிகளும் அடங்கிய தனிப் பிரிவு) ஏற்கெனவே இருந்தால் அதைத் தொடாமல் விட்டுவிடும் என்பதால், அது முதல் நிறுவலுக்கு உதவுமே தவிர அன்றாட மாற்றங்களுக்கு உதவாது.

உங்கள் அளவுக்கு நான் பரிந்துரைப்பது கீக்ளோக்-கான்ஃபிக்-சிஎல்ஐ என்னும் திறமூலக் கருவியை. நீங்கள் எழுதிய கோப்பைச் சர்வரில் இருப்பதோடு ஒப்பிட்டு அது மாற்றங்களைச் செய்யும். ஆகவே ஒரே கோப்பை எத்தனை முறை ஓட்டினாலும் பாதகமில்லை. உங்கள் கீக்ளோக் பதிப்புக்குப் பொருந்தும் வெளியீட்டையே எடுக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

சர்வர், நெட்வொர்க் எல்லாம் ஏற்கெனவே டெராஃபார்மில் இருந்தால் கீக்ளோக்கையும் அதில் சேர்ப்பது நியாயம்; இதற்காக மட்டும் அதைக் கற்பது, இருவர் மட்டுமே உள்ள பிரிவுக்கு வீண் சுமை என்பேன். தான் உருவாக்கியவற்றை டெராஃபார்ம் குறித்துவைக்கும் நிலைக் கோப்பில் கடவுச்சொற்கள் அப்படியே படிக்கும்படி பதிவாகக்கூடும். ஆகவே அதைப் பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். எதையும் செயல்படுத்துமுன் டெராஃபார்ம் காட்டும் திட்டத்தை வரிவரியாகப் படியுங்கள். ‘மாற்றி அமைக்கப்படும்’ என்ற பொருளில் ஒரு வரி ரெல்முக்கு எதிரே வந்தால், பழையதை அழித்துப் புதிதாக உருவாக்கப்போகிறது என்று அர்த்தம். பயனர்களும் அதோடு போய்விடுவார்கள். 2023 ஆகஸ்ட்டில் டெராஃபார்மின் உரிமம் திறமூலம் அல்லாததாக மாறியபின் அதிலிருந்து கிளைத்த ஓப்பன்டோஃபு இன்றும் திறமூலமாகவே கிடைக்கிறது.

கேள்வி: ஊழியர் பட்டியலையும் கீக்ளோக் அமைப்புகளை எழுதும் இதே கோப்பில் வைக்கலாமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: கூடாது. ஒப்பந்தத் தொழிலாளர் வருவதும் போவதும் மனிதவளப் பிரிவின் கணக்கு. அங்கிருந்து எல்.டி.ஏ.பி. (பயனர் விவரங்களைத் தேடிப் பெறும் நெறிமுறை) அடைவு வழியாகவோ, மென்பொருள் இடமளித்தால் 2015இல் தரப்படுத்தப்பட்ட ஸ்கிம் (பயனர் கணக்குகளைத் தானாகச் சேர்த்து நீக்கும் நெறிமுறை) முறையிலோ பட்டியல் வரட்டும். கோப்பில் பதவிகளும் அவற்றுக்கான அனுமதிகளும் மட்டும் இருக்கட்டும்.