கூடவே நடந்தவருக்கு மூன்று கிலோமீட்டர், எனக்கு மட்டும் ஆறா?

கேள்வி: எனக்கு வயது 59, உயரம் 150 செ.மீ. வெளிநாட்டில் இருக்கும் மகன் எனக்கும் என் கணவருக்கும் இடுப்பில் மாட்டும் பெடோமீட்டர் ஆளுக்கொன்று வாங்கி வந்தான். காலையில் இருவரும் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்புகிறோம். ஆனால் அவருடையதில் 3 கிலோமீட்டர், என்னுடையதில் 3.6 என்று காட்டியது. "நீ மட்டும் எங்கே சுற்றிவிட்டு வந்தாய்?" என்று ஒரே கேலி. எதிர்வீட்டுப் பையன், "ஸ்ட்ரைடு அளந்து போடணும் ஆன்ட்டி, ரெண்டு காலும் ஒரு தடவை முன்னே போனா அதுதான் ஸ்ட்ரைடு" என்றான். அப்படியே அளந்து 116 என்று போட்டோம். இப்போது 6 கிலோமீட்டர் காட்டுகிறது! போதாக்குறைக்கு, மத்தியானம் பார்த்தால் காலையில் நடந்தது எல்லாம் அழிந்து பூஜ்யத்தில் நிற்கிறது. இதை எப்படித்தான் செட் செய்வது? தினமும் பத்தாயிரம் அடி நடந்தே ஆக வேண்டுமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: நீங்கள் ஆறு கிலோமீட்டரும் நடக்கவில்லை, 3.6 கிலோமீட்டரும் நடக்கவில்லை. உங்கள் வீட்டுக்காரரோடு சேர்ந்து மூன்று கிலோமீட்டர்தான் நடந்திருக்கிறீர்கள். கருவியில் பழுது எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

பெடோமீட்டருக்குத் தூரம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒவ்வொரு காலடிக்கும் உடம்பு லேசாகக் குலுங்குகிறதே, அந்தக் குலுக்கலை எண்ணுவதோடு அதன் வேலை முடிந்தது. எண்ணியதை நீங்கள் கொடுத்த ஒரு நீளத்தால் பெருக்கி, கிலோமீட்டர் என்று காட்டுகிறது. நீளத்தைத் தப்பாகக் கொடுத்தால் தூரமும் தப்பாகத்தான் வரும்.

உங்கள் கடிதத்தில் உள்ள எண்களை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். 116 செ.மீ. போட்டபோது 6 கிலோமீட்டர் வந்தது. அதாவது 6,00,000 செ.மீ. இதை 116-ஆல் வகுத்தால் 5,172 அடி. அதே 5,172 அடிக்கு முன்பு 3.6 கிலோமீட்டர் காட்டியதென்றால், அப்போது உள்ளே இருந்த நீளம் ஏறக்குறைய 70 செ.மீ. அது நீங்கள் போட்டது அல்ல, கருவியோடு வந்தது. உங்கள் கணவருடையதிலும் அதே 70 இருந்திருக்கும். அவர் உயரத்துக்கு அது தற்செயலாகப் பொருந்திவிட்டது. இப்போது 116-ஐப் பாதியாக்குங்கள்: 58. 5,172-ஐ 58-ஆல் பெருக்கினால் சரியாக மூன்று கிலோமீட்டர். ஆக நீங்கள் அளந்ததில் குற்றமே இல்லை. இரண்டு அடியின் நீளத்தை, ஓர் அடியின் நீளம் கேட்கும் இடத்தில் போட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அந்தப் பையனைத் திட்டாதீர்கள். நடையை ஆராய்கிறவர்களும் பிசியோதெரபி படித்தவர்களும் அவன் சொன்ன மாதிரிதான் ஸ்ட்ரைடு என்பார்கள். ஆனால் இடுப்பில் மாட்டும் பெடோமீட்டர்களில் அதே பெயரில் கேட்பது பெரும்பாலும் ஒற்றைத் தப்படியைத்தான்: இடது குதிகால் பதிந்த இடத்திலிருந்து வலது குதிகால் பதிந்த இடம் வரை. ஒரு காலின் விரல் நுனிக்கும் அடுத்த காலின் குதிகாலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை மட்டும் அளந்து போடுகிறவர்களும் உண்டு. அவர்களுக்குத் தூரம் வெகுவாகக் குறைந்துவிடும்.

58-ஐ இன்றைக்கே போடுங்கள். ஆனாலும் ஒருமுறை ஒழுங்காக அளந்து உறுதி செய்துகொள்வது நல்லது. ஒரே ஒரு அடியை எடுத்து வைத்து அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அளக்கிறார்கள் என்று தெரிந்தால் யாரும் இயல்பாக நடப்பதில்லை. கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர் லைட்டைத் திருப்பியதும் நிமிர்ந்து உட்காருவோமே, அப்படிக் காலும் கொஞ்சம் நீண்டுவிடும். அதனால் நீளமான தூரத்தை நடந்து, அடிகளை எண்ணி, வகுத்துப் பார்ப்பதுதான் சரி.

தையல் டேப் ஒன்றரை மீட்டர்தான், இந்த வேலைக்கு ஆகாது. கொத்தனார் வைத்திருக்கும் ஐந்து மீட்டர் இரும்பு டேப் கிடைத்தால், அதை வைத்து நைலான் கயிற்றில் பத்து மீட்டர் அளந்து முடிச்சுப் போடுங்கள். போக்குவரத்து இல்லாத நேராக ஓடும் தெருவில் அந்தக் கயிற்றை இருமுறை பிடித்து, 20 மீட்டருக்கு இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு. முதல் கோட்டில் நின்றுகொண்டு கிளம்பாதீர்கள். கிளம்பும் முதல் சில அடிகள் எல்லோருக்கும் குட்டையாகத்தான் இருக்கும். ஐந்தாறு அடி பின்னாலிருந்தே நடந்து வந்து, கோட்டைத் தாண்டும்போது எண்ண ஆரம்பியுங்கள். கடைசிக் கோட்டைத் தாண்டியும் அதே வேகத்தில் போய்விட்டுத்தான் நிற்க வேண்டும். எண்ணுவது கணவரின் வேலை. நீங்கள் எண்ணினால் எண்ணிக்கையில் கவனம் போய் நடை மாறிவிடும். மூன்று முறை நடங்கள். 34, 35, 34 என்று வந்தால் மொத்தம் 103 அடி, தூரம் 60 மீட்டர். 6,000-ஐ 103-ஆல் வகுத்தால் 58.25. 58 என்று போட்டால் போதும்.

பக்கத்துப் பள்ளியில் சுண்ணாம்புக் கோடு போட்ட ஓடுதளம் இருந்தால் இன்னும் சுலபம். அது 400 மீட்டரா 200 மீட்டரா என்று பி.டி. சாரிடம் கேட்டுக்கொண்டு, உள்கோட்டை ஒட்டி ஒரு சுற்று. 400 மீட்டருக்கு உங்களுக்கு 690 அடி வர வேண்டும்.

உயரத்தை 0.413-ஆல் பெருக்கினால் பெண்களின் தப்படி, 0.415-ஆல் பெருக்கினால் ஆண்களின் தப்படி என்று ஒரு குறுக்குவழியும் உண்டு. உங்களுக்கு அது 62 என்று வரும். நாலு செ.மீ.தானே என்று நினைக்க வேண்டாம். 5,172 அடியில் அது 200 மீட்டருக்கு மேல். சேலை கட்டி நடப்பதும் சுடிதாரில் நடப்பதும் ஒன்றில்லை, செருப்புக்கும் ஷூவுக்கும் கூட வித்தியாசம் தெரியும். தினமும் எதைப் போட்டுக்கொண்டு நடப்பீர்களோ, அதிலேயே அளந்துகொள்ளுங்கள். கருவி அமெரிக்காவில் வாங்கியது என்றால் அடி, அங்குலம் என்று கேட்கக்கூடும், 58 செ.மீ. என்பது 1 அடி 11 அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தப்படியை நம்பி ஒரு நாட்டையே அளந்திருக்கிறார்கள் என்பது உங்கள் கணவருக்குச் சுவாரசியமாக இருக்கலாம். திபெத்துக்குள் வெள்ளைக்காரர் நுழைய முடியாத காலத்தில், இந்திய நில அளவைத் துறை குமாவுன் மலைக்காரரான நைன் சிங்குக்கு டேராடூனில் பயிற்சி கொடுத்து அனுப்பியது. மேடோ பள்ளமோ, தப்படி ஒரே நீளமாக விழ வேண்டும்; முக்கியமான பயிற்சி அதுதான். கையில் ஜபமாலை. 108 மணிக்குப் பதிலாக 100 மணி, நூறு அடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும். 1865-ல் காத்மாண்டுவிலிருந்து கிளம்பி, மறு ஆண்டு ஜனவரியில் லாசா போய்ச் சேர்ந்தார். மாலை ஒரு சுற்று வந்தால் பத்தாயிரம் அடி!

நீங்கள் கேட்ட பத்தாயிரம் அதற்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1965-ல், ஜப்பானில் வந்தது. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த சூட்டில் யமசா என்ற நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த பெடோமீட்டரின் பெயர் 'மான்போ-கெய்', பத்தாயிரம் அடி மீட்டர். கேட்க நன்றாக இருந்தது, உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டது. மருத்துவர்கள் ஆராய்ந்து வைத்த எல்லை அல்ல அது. 2019-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 72 வயதான 16,741 பெண்களின் நடையைக் கருவி மாட்டிக் கணக்கெடுத்தார்கள். நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவு. 7,500 அடியைத் தாண்டிய பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. உங்களுக்குக் காலை நடையிலேயே 5,172 ஆகிவிடுகிறது, வீட்டுவேலையில் நடப்பது தனி. பத்தாயிரத்துக்காக ராத்திரி ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடக்க வேண்டாம். அடியைக் கூட்டுவதைவிட வேகத்தைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு நூறு அடி என்பது நல்ல சுறுசுறுப்பான நடை. அந்தக் கணக்கில் உங்கள் காலை நடை 52 நிமிடத்தில் முடிய வேண்டும். முட்டிவலியோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள்.

மத்தியானம் பூஜ்யமாவதற்கு வருவோம். இந்தக் கருவிகள் நள்ளிரவு 12 மணிக்கு அன்றைய கணக்கை மூடிவிட்டு, அடுத்த நாளைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். உங்களுடையதில் காலை ஏழு மணியை மாலை ஏழு என்று செட் செய்திருப்பீர்கள். மத்தியானம் பன்னிரண்டு அதற்கு நள்ளிரவு. நேரத்தைச் சரியாகப் போட்டு, கடிகாரத்தை 24 மணிக் கணக்குக்கும் மாற்றிவிட்டால் இந்தக் குழப்பம் திரும்ப வராது.

எங்கே மாட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை. கொசுவத்தில் மாட்டினால் அது மடிப்போடு சேர்ந்து தனியாக ஆடும். உள்பாவாடை நாடாவில், முட்டிக்கு நேர் மேலே, இறுக்கமாக மாட்டுங்கள். உங்கள் கணவர் வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டுகிறவர் என்றால் அதில் மாட்டலாம், ஆனால் தொப்பை இருந்தால் கருவி முன்பக்கம் சாய்ந்து நிற்கும். காதருகே வைத்துக் குலுக்கும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் அது ஸ்பிரிங் வகை; நிமிர்ந்து நின்றால்தான் எண்ணும், அவர் அதைப் பக்கவாட்டு இடுப்பில் மாட்டட்டும். சத்தமே இல்லை என்றால் சென்சார் வகை, சட்டைப் பையில் போட்டாலும் பெரும்பாலும் எண்ணிவிடும்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. மனதுக்குள் எண்ணிக்கொண்டே நூறு அடி நடந்து பாருங்கள். 97-லிருந்து 103-க்குள் காட்டினால் நல்ல கருவி. ஜப்பானின் தர விதியே நூற்றுக்கு மூன்று தவறு வரைதான் அனுமதிக்கிறது. முதல் சில அடிகளுக்கு எண் நகராமல் நின்றுவிட்டுப் பிறகு மொத்தமாக ஏறினால் பயப்படாதீர்கள், நடைதானா வேறு ஆட்டமா என்று உறுதி செய்துகொள்ளச் சில கருவிகள் அப்படிக் காத்திருக்கும். மிக மெதுவாக, கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடப்பதைப் பல கருவிகள் எண்ணுவதே இல்லை. மேடுபள்ளமான ரோட்டில் ஆட்டோவில் போனாலோ, உட்கார்ந்த இடத்திலேயே சில நூறு அடி ஏறிவிடலாம். ஆட்டோவில் ஏறும்போது கழற்றிப் பையில் போட்டாலும் போதாது, பையும்தானே குலுங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணைப் பார்த்துக் கழித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள்.

எடை கேட்கும் இடத்தில் உங்கள் எடையைப் போடுங்கள். அது கலோரிக் கணக்குக்கு மட்டும்தான், தூரத்துக்குச் சம்பந்தமில்லை. அந்தக் கலோரி எண்ணை நம்பி ஒரு வடை கூடுதலாகச் சாப்பிட வேண்டாம். அப்புறம், பட்டன் பேட்டரியை மாற்றும்போது பல கருவிகளில் போட்டு வைத்த எண்கள் எல்லாம் அழிந்து பழைய 70-க்கே போய்விடும். 58 என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கருவியின் பின்பக்கம் செலோடேப் போட்டு ஒட்டிவையுங்கள். உங்கள் கணவருடையதில் அவர் எண்ணை.