அலுவலகத்தில் ஓயாமல் ஏதாவது மாறிக்கொண்டே இருக்கிறது. சீனியர் ஊழியர்களை எப்படிப் பழக்குவது?

கேள்வியின் விவரத்தில் நீங்கள் எழுதியிருப்பது இது: 'ஒரே வருடத்தில் சாஃப்ட்வேர் மாறியது, டீம் மாறியது, இப்போது ரிப்போர்ட் அனுப்புகிற முறையும் மாறுகிறது. இளையவர்கள் சமாளிக்கிறார்கள். சீனியர்கள்தான் முரண்டு பிடிக்கிறார்கள். அவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?'

கடைசி வரியைப் படித்ததும் சுருக்கென்றது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து மேனேஜராக ஓய்வு பெற்றவன் நான். கைப்பட எழுதிய லெட்ஜர், லெட்ஜர் போஸ்டிங் மெஷின், கிளைக்குள் மட்டும் ஓடிய கணினி, எல்லாக் கிளைகளையும் ஒரே சிஸ்டத்தில் இணைத்த கோர் பேங்கிங், கடைசியில் வங்கியையே இன்னொரு வங்கியோடு சேர்த்தது வரை எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தவன். எம்.பி.ஏ. படிக்கவில்லை. கட்டம் போட்டு அம்புக்குறி வரைந்த படம் எதுவும் என்னிடம் கிடையாது. நீங்கள் எச்.ஆரில் இருப்பவராகவோ, புதிதாக டீம் லீட் ஆனவராகவோ இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னிக்கவும்.

நான் பார்த்தவரை சீனியர் ஒருவர் பயப்படுவது ஒன்றுக்குத்தான். நேற்றுவரை தன்னிடம் சந்தேகம் கேட்ட பையன் முன்னாலும், இருபது வருடமாகத் தெரிந்த கஸ்டமர் முன்னாலும், ஒன்றும் தெரியாதவராக நிற்க வேண்டுமே என்பது. இதைத்தான் மேலே இருப்பவர்கள் முரண்டு என்று எழுதி அனுப்புகிறார்கள்.

2000-களின் நடுவில் விருதுநகரில் இருந்தேன். எங்கள் கிளை கோர் பேங்கிங்குக்கு மாறிய சமயம். அதற்கு முந்தைய கதையையும் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். 1984-இல் ரங்கராஜன் குழு வங்கிகளுக்குக் கணினி கொண்டுவரச் சொல்லி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து வங்கியில் கணினி என்றாலே சண்டைதான். சங்கத்தில் நாங்களும் கொடி பிடித்தோம், வேலை போய்விடும் என்று உண்மையாகவே பயந்தோம். பிறகு 1998-இல் மத்திய கண்காணிப்பு ஆணையம், 2001 பிறப்பதற்குள் வங்கியின் வியாபாரத்தில் 70 சதவீதமாவது கணினிக்குள் வந்துவிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. அது நடந்துகொண்டிருக்கும்போதே 2000-01-இல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. பொதுத்துறை வங்கிகள் எல்லாவற்றிலுமாகச் சுமார் ஒரு லட்சம் பேர் வீட்டுக்குப் போனார்கள். அதில் எத்தனையோ பேர் லெட்ஜரைத் தலைகீழாக ஒப்பிக்கக்கூடியவர்கள். அந்த லெட்ஜர்களைக் கணினியில் ஏற்றுகிற வேளை வந்தபோது, விவரம் கேட்க ஆள் இல்லை.

எங்கள் கிளையில் போகாமல் தங்கியவர் ஒருவர் இருந்தார். லெட்ஜர் சார் என்றே கூப்பிடுவோம். கஸ்டமர் பெயரைச் சொன்னால் லெட்ஜரில் எந்தப் பக்கம் என்று ஃபோலியோ நம்பரைச் சொல்வார். கையெழுத்தைப் பாதி மறைத்துக் காட்டினாலும் யாருடைய செக் என்று சொல்வார். புது சிஸ்டம் வருமுன் எல்லோரையும் மதுரைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரையில் படம் காட்டினார்கள், சாப்பாடு நன்றாக இருந்தது. உட்கார்ந்து அடித்துப் பழகுவதற்கான டெஸ்ட் சர்வர் மட்டும் வேலை செய்யவில்லை.

மாறிய பிறகு வந்த முதல் திங்கட்கிழமை. டோக்கன் கூட்டம் வாசல் வரை நிற்கிறது. கணக்கு நம்பர் நீண்டுவிட்டது, ஒரு இலக்கம் தப்பினால் மறுபடி முதலிலிருந்து. லெட்ஜர் சார் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிறார். மிளகாய் வத்தல் மண்டிக்காரர் ஒருவர், கிண்டலாக இல்லை, ஆதங்கத்தோடுதான் கேட்டார்: "என்ன சார், கம்ப்யூட்டர் வந்தா சட்டுனு முடிஞ்சிரும்னாங்க. பழைய நோட்டுல நீங்க இதைவிட வேகமா முடிச்சிருவீங்களே?" பின்னால் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சாருக்கு முகம் தொங்கிப்போயிற்று. மறுநாள் மெடிக்கல் லீவ் லெட்டர் வந்தது.

அப்போது எங்கள் மேனேஜர் ஒரு பெண். மெமோ கொடுக்கவில்லை, உட்கார வைத்து உபதேசமும் செய்யவில்லை. சார் வீட்டுக்குப் போன் போட்டு, "சார், மைனர் கணக்கு லிஸ்ட் ஒண்ணு பிரிண்ட் எடுத்து வெச்சிருக்கேன், எனக்குத் தலையும் புரியல காலும் புரியல. உடம்பு சரியானதும் வந்து பாருங்க" என்றார். சார் மறுநாளே வந்துவிட்டார்.

விஷயம் என்னவென்றால், லெட்ஜர் மொத்தமும் கணினி மொத்தமும் பைசா சுத்தமாக டேலி ஆகியிருந்தது. டேலி ஆனால் போதும் என்று கணினிப் பிரிவு கையைக் கழுவிவிட்டது. சார் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய கணக்கை, யாராவது ஒருவர் போட்டால் போதும் என்று ஏற்றியிருந்தார்கள். மைனர் என்று இருந்த சில பேருக்குக் கல்யாணமாகிக் குழந்தையே இருந்தது. இன்னொன்றுதான் எங்களைத் தூக்கிவாரிப் போட்டது. லெட்ஜரில் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதி வைப்போம்: 'கணக்குதாரர் காலமாகிவிட்டார், வாரிசுச் சான்று வரும்வரை பணம் தரக்கூடாது' என்கிற மாதிரி. டேட்டா என்ட்ரிக்கு வந்த பையன்கள் பெயர், நம்பர், பாக்கி மூன்றையும் மட்டும் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர்களிடம் கொடுத்த படிவத்தில் இருந்தது அவ்வளவுதான். அந்தச் சிவப்பு மை முழுவதையும் சார்தான் திரும்பக் கணினிக்குள் கொண்டுவந்தார்.

அந்த நாட்களில் கவுண்ட்டர் நேரத்தில் ஒரு இளம் கிளார்க் அடிப்பான், சார் பக்கத்தில் உட்கார்ந்து வவுச்சரைச் சரிபார்ப்பார். ஷட்டர் பாதி இறங்கியதும் இடம் மாறிக்கொள்வார்கள். மற்ற வங்கிகளோடு மாற்றிக்கொள்கிற கிளியரிங் செக் முழுவதையும் சார் அடிப்பார், பார்க்கக் கஸ்டமர் யாரும் இல்லை. அடுத்த பென்ஷன் கூட்டத்துக்கு அவரே கவுண்ட்டரில் உட்கார்ந்தார். வேகம் குறைவுதான், ஆனால் மெடிக்கல் லீவ் இல்லை.

'லஞ்சுக்கு அப்புறம் வாங்க' மீமோடு சிலர் இப்போது கமென்ட்டுக்கு வருவீர்கள் என்று தெரியும். சோம்பேறிகள் எங்களிடமும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. உங்கள் ஆபீஸில் இல்லையா?

எல்லா மாற்றமும் இப்படிப் பாடாய்ப் படுத்தியதில்லை. பிற்பாடு எங்கள் வங்கி மென்பொருளான ஃபினாக்கிளில் 7-ஆம் பதிப்பிலிருந்து 10-க்குப் போனோம். மெனுவைத் திறக்க டிஎம் என்று அடித்த இடத்தில் ஹெச்டிஎம், ஏசிஎல்ஐ இருந்த இடத்தில் ஹெச்ஏசிஎல்ஐ. பழைய மெனுவுக்கு முன்னால் ஒரு ஹெச் சேர்ந்தது, அவ்வளவுதான். ஒரு வாரம் புலம்பினோம், அப்புறம் யாருக்கும் நினைவே இல்லை. விரலுக்குத் தெரிந்ததை அழிக்காமல் விட்டார்கள், அதனால் வலிக்கவில்லை. உங்கள் சாஃப்ட்வேர்காரர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஓயாத மாற்றம் என்றால் 2016 நவம்பர்தான். 8-ஆம் தேதி இரவு அறிவிப்பு, 9-ஆம் தேதி வங்கி மூடல், 10-ஆம் தேதி காலை தெருமுனை வரை வரிசை. பழைய நோட்டைக் கையில் மாற்றித் தர வரம்பு முதலில் 4,000 ரூபாய், பிறகு 4,500, 18-ஆம் தேதியிலிருந்து 2,000, 24-ஆம் தேதியோடு அதுவும் நிறுத்தம். நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். சர்க்குலர் வாட்ஸ்அப்பில்தான் முதலில் வரும், அதில் பொய்யும் கலந்து வரும். ஒரே கிளையில் ஒரு கவுண்ட்டரில் ஒரு தொகை, பக்கத்துக் கவுண்ட்டரில் வேறு தொகை என்று சொன்னால் அடிதடிதான். அப்போது நான் வேறு ஊரில் அதிகாரி. ஒரு வெள்ளைப் பலகை வாங்கி உள்ளே மாட்டினோம். தினமும் ஷட்டர் தூக்குமுன் ஒருவர் சர்க்குலரை எல்லோருக்கும் வாசிப்பார், அன்றைய விதி ஒரே வரியில் பலகையில் ஏறும், கீழே எழுதியவரின் இனிஷியல். பலகையில் இல்லாததை யாரும் கஸ்டமரிடம் சொல்லக்கூடாது. கூட்டம் குறையவில்லை, திட்டும் குறையவில்லை. ஆனால் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

இணைப்பு வந்தபோதுதான் வெறுத்துப்போயிற்று. 2019 ஆகஸ்ட் 30 அன்று பத்து பொதுத்துறை வங்கிகள் நான்காகும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். அது நடப்புக்கு வந்தது 2020 ஏப்ரல் 1, ஊரடங்கு தொடங்கி ஒரு வாரம். இரண்டு பக்கமும் ஒரே மென்பொருள்தான், கவலையே வேண்டாம் என்றார்கள். மென்பொருளின் பெயர் மட்டும்தான் ஒன்று. ஸ்கீம் கோட் வேறு, கடன் அனுமதி வரம்பு வேறு, படிவம் வேறு. வாசலில் பெயர்ப் பலகை முதலில் மாறியது, கணினி இணைப்பு பல மாதம் கழித்து வந்தது. அதுவரை வாசலில் ஒரு வங்கி, உள்ளே ஒரு வங்கி. பயிற்சி என்று வீடியோ லிங்க் அனுப்பினார்கள். ஹெல்ப் டெஸ்க் போன் எப்போதும் எங்கேஜ்ட். மெயில் போட்டால் டிக்கெட் நம்பர் வரும், இரண்டு நாளில் 'தங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில் வரும், புகார் அப்படியே இருக்கும்.

அதைவிடக் கொடுமை, எங்கள் ஆட்கள் ராத்திரி தூங்காமல் யோசித்தது திரையைப் பற்றியே இல்லை. சீனியாரிட்டி லிஸ்ட்டில் எங்கே வைப்பார்கள், பக்கத்திலேயே அந்த வங்கிக்கும் கிளை இருக்கிறதே, இதில் எதை மூடுவார்கள், ஸ்டாஃப் ஹவுசிங் லோன் வட்டி மாறுமா, இதெல்லாம்தான். இதற்குப் பதில் சொல்ல யாரும் வரவில்லை. எது மாறும் என்று நூறு பக்கம் அனுப்பியவர்கள், எது மாறாது என்று ஒரு பக்கம் அனுப்பியிருந்தால் பாதிப் பேருக்கு பி.பி. ஏறியிருக்காது.

பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். இத்தனை மாற்றத்தையும் தலையில் தூக்கிச் சுமந்த எங்களுக்கு, பென்ஷன் மட்டும் மாறவே இல்லை. ஓய்வு பெற்ற அன்று என்ன அடிப்படையோ அதுவே, பஞ்சப்படிதான் ஏறி இறங்குகிறது. ரிசர்வ் வங்கியில் ஓய்வு பெற்றவர்களுக்கு 2019-இல் திருத்திக் கொடுத்தார்கள். எங்களுக்கு 2024 மார்ச் சம்பள ஒப்பந்தத்தில் கருணைத்தொகை என்று ஒன்று. நாங்கள் கேட்டது கருணை இல்லை. சரி, விடுங்கள்.

உங்களிடம் வருகிறேன். புது சிஸ்டம் வருகிற தேதியை முதலில் பாருங்கள். அது மாதக் கடைசியிலோ கூட்டம் அதிகமான நாளிலோ விழுந்தால், தள்ளிப்போடச் சொல்லிச் சண்டை போடுங்கள். பழைய முறை எந்தத் தேதியோடு மூடப்படும் என்று எழுத்தில் கொடுங்கள். இரண்டும் சேர்ந்து ஓடிக்கொண்டே இருந்தால் அத்தனை வேலையும் இரட்டை வேலை. அதிகம் எதிர்த்துப் பேசுகிற சீனியரைச் சோதனைக் கட்டத்திலேயே கூப்பிட்டு உட்கார வையுங்கள். அவர் காட்டுகிற குறைகளில் சிலதையாவது சரிசெய்துவிட்டு, யார் சொல்லிச் சரிசெய்தோம் என்பதையும் எல்லோருக்கும் தெரியும்படி சொல்லுங்கள். சும்மா மரியாதைக்குக் கூப்பிட்டால் ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவார். பழகுகிற நேரம் கஸ்டமர் கண்ணிலும் ஜூனியர் கண்ணிலும் படாத நேரமாக இருக்கட்டும். ஐ.டி. கம்பெனியில் இதெல்லாம் நடக்காது என்று யாராவது சொல்வார்கள். நடக்காமல் போகலாம், எனக்குத் தெரிந்தது வங்கிதான்.

மேலே இருப்பவர்கள் சொல்வதைக் கீழே சொல்கிற அளவுக்குத்தான் உங்களுக்கு அதிகாரம் என்றால், அந்த வெள்ளைப் பலகையையாவது வாங்கி மாட்டுங்கள். அதற்கு யாருடைய சாங்ஷனும் வேண்டியதில்லை.