புதுப்பித்த பழைய வீட்டில் ஜியோகேச் வைக்க அனுமதி கிடைத்திருக்கிறது. எங்கே ஒளித்து வைப்பது?

ஜியோகேச் என்றால், ஜிபிஎஸ் இடக்குறியை வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிப்பதற்காக ஒளித்து வைக்கும் டப்பா. அதற்கான அனுமதியை முதலிலேயே வாங்கிவிட்டீர்கள். பலர் அதைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள், அதனால் உங்கள் கேள்வியைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது.

நான் சொல்வது இதுதான்: வீட்டில் எதையும் ஒளிக்காதீர்கள். சுவர் இடுக்கில் வேண்டாம், ஜன்னல் கம்பியில் காந்த டப்பா வேண்டாம், படிக்கட்டுக்குக் கீழே வேண்டாம். குறிப்புகளை வீடு சொல்லட்டும், டப்பா தள்ளி இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு வீட்டுக்கு நானே தேடப் போயிருந்தேன். டப்பா இருந்தது மதிலோரம் ஒரு மரத்தின் வேரில். ஆனால் போன் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது வீட்டின் பக்கச் சுவருக்கு முன்னால். எனக்கு முன் வந்தவர்களையும் அங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். செங்கற்களுக்கு நடுவே சாந்து சுரண்டப்பட்டிருந்தது. ஒரு செங்கல்லைப் பாதி வெளியே இழுத்துப் பார்த்து அப்படியே விட்டிருந்தார்கள். வைத்தவர் மேல் தவறில்லை, தேடியவர்களும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. ஆனாலும் அந்தச் சுவரைப் பார்க்க மனசு கஷ்டமாக இருந்தது.

போனில் உள்ள ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகும். கனமான சுவருக்குப் பக்கத்தில் போனால் செயற்கைக்கோள் சிக்னல் பாதி மறைந்துவிடும், மீதி சுவரில் பட்டுத் திரும்பி வரும். பிசகு இன்னும் கூடும். அந்த நேரத்தில் தேடுபவர் கண்ணில் படும் ஒவ்வொரு இடுக்கிலும் விரலை விடுவார். பழைய வீட்டில் இடுக்குக்கா பஞ்சம்?

அதுவும் புதுப்பித்த வீடு என்றால் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாகப் புதுப்பிப்பவர்கள் பழைய சுவருக்குச் சிமென்ட் பூசுவதில்லை, சுண்ணாம்புதான் பூசுவார்கள். சிமென்ட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்துவிடும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அந்த ஈரம் வெளியேறும். ஆனால் அது சிமென்டைவிட மென்மையானது. காற்றிலிருக்கும் கரியமில வாயுவை உறிஞ்சி மெதுவாகத்தான் இறுகும். இறுகிய பிறகும் சாவி நுனியால் கீறினால் கோடு விழும். மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் செய்த வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தேடலில் பாழாகிவிடக் கூடாது.

சரி, எப்படி வைப்பது? ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களுக்குப் போய்த் தேட வைக்கும் மல்டி கேச் வகை இதற்குப் பொருத்தம். வெளியிடும் இடக்குறி வீட்டு வாசலைக் காட்டும். அங்கே டப்பா கிடையாது. வருபவர் வாசலுக்கு மேல் கல்லில் செதுக்கிய ஆண்டைப் படிக்கிறார், தூண்களை எண்ணுகிறார், செங்கல் வைத்து அடைத்த ஜன்னல் எத்தனை என்று பார்க்கிறார். அந்த எண்களிலிருந்து டப்பாவின் இடக்குறி வரும். நான் வைத்த ஒரு கேச் இந்த வகைதான். பெட்டி மட்டும் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இப்போது அரை மணி நேரம் வீட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அடைத்த ஜன்னல் ஏன் என்று லாக்கில், அதாவது தேடி வந்தவர்கள் எழுதும் குறிப்பில், கேட்டு எழுதுகிறார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

எண்களைத் தேர்ந்தெடுப்பதில் நான் ஒரு பிழை செய்தேன். வாசல் கல்லில் 1889 என்று இருந்தது, பக்கத்துத் தகவல் பலகையில் புதுப்பித்த ஆண்டு 1998. ‘வீட்டின் ஆண்டு’ என்று மட்டும் எழுதிவிட்டேன். ஆண்டின் கடைசி மூன்று இலக்கத்தோடு ஒரு எண்ணைக் கூட்டினால் அட்சரேகை நிமிடத்தின் மூன்று தசம இலக்கம் வரும்படி அமைத்திருந்தேன். அட்சரேகையில் 0.001 நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) என்பது சுமார் 1.85 மீட்டர். இரண்டு ஆண்டுக்கும் வித்தியாசம் 109, ஆக 200 மீட்டருக்கு மேல் தள்ளிப்போய்த் தேடினார்கள். அதனால் எந்தக் கல், எந்தப் பக்கம் என்று தெளிவாக எழுதுங்கள். விடை இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் கொடுத்துவிட்டால் அவர்களே சரிபார்த்துக்கொள்வார்கள். பலகையை நம்பி எதையும் வைக்காதீர்கள், பலகை மாறும். கல் மாறாது. அப்புறம், எல்லாமே வெளியே நின்று பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். உள்ளே போய் ஊழியரிடம் கேட்க வேண்டும், ஏதாவது வாங்க வேண்டும் என்று அமைத்தால் ஜியோகேச்சிங் தளத்தில் பொதுவாக ஏற்க மாட்டார்கள்.

டப்பாவைச் சுவரிலிருந்து குறைந்தது 30 மீட்டராவது தள்ளி வையுங்கள். இது விதி அல்ல, என் கணக்கு. விதி என்று பார்த்தால், வேறொரு கேச்சின் டப்பாவிலிருந்து 161 மீட்டர் இடைவெளி வேண்டும். எண்ணிப் பார்க்க மட்டுமே உள்ள இடங்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது, ஆகவே வீட்டுப் பக்கம் பிரச்சினை வராது. இடத்தின் உரிமையாளர் வெளிப்படையாக அனுமதிக்காமல் மண்ணைத் தோண்டவும் கூடாது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு ஜிபிஎஸ்ஸில் வேண்டுமென்றே வைத்திருந்த பிழையை நீக்கியதும், மே 3 அன்று டேவ் அல்மர் ஓரிகன் மாநிலக் காட்டில் வைத்த முதல் வாளி பாதி மண்ணுக்குள் புதைந்துதான் இருந்தது. இன்று உரிமையாளரின் அனுமதி இல்லாமல் அதையே பதிவுசெய்யக் கேட்டால் ஏற்க மாட்டார்கள். பழைய வீட்டு வளாகத்தில் இந்த விதிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. மண்ணுக்குள் பழைய அஸ்திவாரமோ உடைந்த ஓடோ கிடக்கலாம். அதைக் கிளற வேண்டியது அது தெரிந்தவர்கள்தான்.

ஃபிலிம் டப்பா வேண்டாம், ஈரம் புகுந்து லாக் தாள் கூழாகிவிடும். ரப்பர் வளையம் உள்ள, நாலு பக்கமும் பூட்டும் பிளாஸ்டிக் டப்பா போதும். தின்பண்டம் எதையும் போடாதீர்கள், எலியும் எறும்பும் வீட்டுக்கு வழி கண்டுபிடித்துவிடும்.

பதிவின் முதல் வரியிலேயே ‘டப்பா வீட்டிலோ சுவரிலோ இல்லை, எதையும் தொட வேண்டாம்’ என்று எழுதிவிடுங்கள். நான் இதைச் சேர்த்த பிறகும் மாதம் ஒரு முறை போய் என் கேச் உள்ள வீட்டின் சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்கிறேன்.